உதகையில் ஊர்க்காரர் வீடு: 200 ஆண்டு வரலாறு

உதகமண்டலம் முதலில் ஊராக வளர்ந்து, பின்னால் சுற்றுலாத் தலமான இடமல்ல. கீழே வெயில் கொளுத்தும் மாதங்களை மலைமேல் கழிக்க வந்தவர்களுக்காகவே உண்டாக்கப்பட்ட ஊர் அது. மதுரைக்கும் தஞ்சாவூருக்கும் கோயில், கடைவீதி, குடித்தெரு எல்லாம் அமைந்து பல நூற்றாண்டுகள் கழித்துத்தான் சுற்றுலாப் பயணி வந்தார். உதகையில் அந்த வரிசை தலைகீழ். முதலில் பங்களா வந்தது. பிறகு பங்களாவுக்குப் பால் ஊற்றவும் விறகு பிளக்கவும் குதிரை பார்க்கவும் ஆட்கள் வந்தார்கள். அந்த ஆட்கள் இரவில் எங்கே படுப்பார்கள் என்ற கேள்வி கடைசியாகத்தான் எழுந்தது. இன்று உதகையில் ஆசிரியரோ ஓட்டுநரோ விடுதித் துப்புரவாளரோ கட்டுப்படியாகும் வாடகைக்கு வீடு தேடி அலைவதன் வேர் அங்கேதான் இருக்கிறது.

பங்களாவுக்கு முன்பும் அந்த மலையில் வீடுகள் இருந்தன. புல்வெளிகளில் தோடர்களின் மந்துகள், சரிவுகளில் படகர்களின் ஹட்டிகள், மலையின் சில இடங்களில் கைவினைஞர்களான கோத்தர்களின் கோக்கால்கள் என்று அவரவர் குடியிருப்புகள். மூங்கிலையும் பிரம்பையும் வளைத்துக் கட்டி, மேலே புல் வேய்ந்து, பாதியாகப் பிளந்த பீப்பாயைக் கவிழ்த்தது போல நிற்கும் தோடர் வீடு. வாசல் மூன்றடி உயரம்கூட இருக்காது. தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும். உள்ளே ஒரு பக்கம் படுப்பதற்கு மேடை, இன்னொரு பக்கம் அடுப்பு. மலைக்காற்றும் மழையும் உள்ளே நுழையாமல், அடுப்பின் சூடு வெளியே போகாமல் காக்கும் கட்டுமானம் அது. படகர் ஹட்டியில் வீடுகள் ஒன்றோடொன்று சுவர் ஒட்டி வரிசையாக நிற்கும். எதிரே எல்லார்க்கும் பொதுவான முற்றம். குடும்பம் பெருகினால் வரிசை நீளும். மந்திலும் ஹட்டியிலும் வீடு குலத்தோடு சேர்ந்த பொருள். அதை விற்பதோ வாடகைக்கு விடுவதோ அங்கே வழக்கமாக இருக்கவில்லை.

1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் நீலகிரி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் மலையேறினார். கோத்தகிரிப் பக்கம் முதலில் தங்கிய அவர், விரைவில் உதகைப் பள்ளத்தாக்கைக் கண்டு அங்கே நிலம் வாங்கினார். தோடர்களுக்கு அவர் கொடுத்த விலை ஏக்கருக்கு 1 ரூபாய். 1822-ல் அங்கே அவர் கட்டத் தொடங்கிய கல் வீடு மலைமக்களுக்குக் ‘கல் பங்களா’ ஆயிற்று. இன்றும் அரசு கலைக் கல்லூரி நிற்கும் அந்த மேட்டுக்கு ஸ்டோன்ஹவுஸ் ஹில் என்றே பெயர். ஓடைகளை அணைகட்டி மறித்து ஏரியை உண்டாக்கியவரும் சல்லிவன்தான். உதகையின் முதல் மனைப் பரிவர்த்தனையே கீழிருந்து வந்தவர் மலைக்காரரிடம் வாங்கியது. அந்தத் திசை பிறகு மாறவே இல்லை.

அந்த நிலம் யாருடையது என்பதில் ஆங்கிலேயருக்குள்ளேயே தகராறு இருந்தது. மலை தோடர்களின் சொத்து, அதை எடுப்பவர் அவர்களுக்கு ஈடு தர வேண்டும் என்று சல்லிவன் வாதிட்டார். 1827 முதல் 1832 வரை சென்னை கவர்னராக இருந்த ஸ்டீபன் லஷிங்டன் இதை ஏற்கவில்லை. நோயுற்ற கம்பெனிப் படையினரும் அதிகாரிகளும் தேறிவரும் இடமாக உதகையை ஆக்கியவர் அவர். சாலைக்கும் கட்டடங்களுக்கும் நிலம் வேண்டியிருந்தது. கடைசியில் தோடர்களுக்கு மேய்ச்சல் உரிமை உண்டு, நில உரிமை அரசுடையது என்ற கருத்தே நிலைத்தது. வரலாற்று நூல்கள் ஓரிரு வரியில் கடந்துபோகும் இந்த முடிவுதான் உதகையின் வீட்டுப் பிரச்சினைக்கு முதல் கல். தலைமுறை தலைமுறையாக இருந்தவரின் அனுபோகம் உரிமையாகாது, எழுதி வாங்கியவரின் பத்திரம் உரிமையாகும் என்பது அன்று நிலைபெற்றது. தாவரவியல் பூங்காவின் மேல் விளிம்பில் இன்றும் ஒரு தோடர் மந்து இருக்கிறது. 1848-ல் பூங்கா உருவாகத் தொடங்கும் முன்பே அந்த மக்கள் அங்கே இருந்தார்கள். இப்போது பூங்காவுக்கு வருபவர் சுற்றிப் பார்க்கும் இடங்களில் ஒன்றாக அது ஆகிவிட்டது.

அடுத்த 100 ஆண்டுகள் பங்களாக்களின் காலம். சர் வில்லியம் ரம்போல்டு 1830-களின் தொடக்கத்தில் ஹோட்டலாகக் கட்டிய மாளிகை, சுமார் பத்தாண்டில் உதகை கிளப் ஆனது. 1866-ல் நகராட்சி. 1870 முதல் சென்னை மாகாண அரசின் அதிகாரபூர்வக் கோடைத் தலைநகர். ஆண்டில் பாதியைக் கவர்னரும் செயலகமும் கோப்புகளோடு மலைமேல் கழித்தார்கள். மைசூர் மகாராஜாவுக்கு ஃபெர்ன்ஹில், ஜோத்பூருக்கு ஆரன்மோர் என்று சமஸ்தானங்கள் அரண்மனைகளை வைத்துக்கொண்டன. மலை ரயில் 1899-ல் குன்னூருக்கும் 1908-ல் உதகைக்கும் வந்தது. 1901 கணக்கெடுப்பில் உதகையின் மக்கள்தொகை 18,596. பங்களாக்களின் உடைமைக்காரர்களில் பலர் கீழே வாழ்ந்தவர்கள். மேடான, வெயில் விழும், தண்ணீர் தேங்காத இடங்கள் எல்லாம் பங்களாக்களுக்கும் தோட்டங்களுக்கும் போயின. சீசன் முடிந்ததும் அவற்றில் பெரும்பாலானவை பூட்டிக் கிடந்தன. ஆண்டில் சில மாதம் மட்டுமே வாழப்படும் வீடுகள் நல்ல மேட்டை எல்லாம் பிடித்துக்கொண்ட நகர அமைப்பு அப்போது உருவானதுதான்.

ஆண்டு முழுவதும் அங்கேயே இருந்தவர்கள் சந்தையைச் சுற்றியும் காந்தல் போன்ற பகுதிகளிலும் நெருக்கியடித்துக் குடியேறினார்கள். மைசூர்ப் பக்கத்திலிருந்தும் மலபாரிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வந்த கொத்தனார்கள், தையல்காரர்கள், ரொட்டி சுடுபவர்கள், சலவைத் தொழிலாளர்கள், சுமை தூக்குபவர்கள் அவர்கள். சமையற்காரரும் தோட்டக்காரரும் குதிரைக்காரரும் பங்களாவின் பின்கட்டிலேயே இருந்தார்கள். அந்தப் பின்கட்டு வீட்டுக்கு அவுட்ஹவுஸ் என்று பெயர். சமையற்கட்டைத் தாண்டி, மதில் ஓரமாக, ஒற்றை அறைகள் வரிசையாக இருக்கும். ஓர் அறைக்கு ஒரு குடும்பம். வாடகை கிடையாது. ஆனால் வேலை போன அன்றே வீடும் போகும். துரை ஊருக்குத் திரும்பினாலும், பங்களா கைமாறினாலும் அதே கதிதான். பங்களாக்காரர்கள் போய்ப் பல தலைமுறை ஆன பின்னும் அவுட்ஹவுஸ் என்ற சொல் மட்டும் உதகையில் மறையவில்லை.

தேயிலைத் தோட்டங்களில் இதே முறை பெரிய அளவில் நடந்தது. அங்கே அதற்கு லைன் வீடு என்று பெயர். தகரம் அல்லது ஓடு வேய்ந்த நீளக் கட்டடம், இடையிடையே தடுப்புச் சுவர், குடும்பத்துக்கு ஓர் அறையும் ஒரு சமையல் இடமும். தொழிலாளிக்கு வீடு கொடுப்பது தோட்ட உரிமையாளரின் கடமை என்று 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் வேலைக்கும் வீட்டுக்கும் போட்டிருந்த முடிச்சை அந்தச் சட்டம் அவிழ்க்கவில்லை. 1964-ன் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையின் மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட தமிழர்களில் பெரும் எண்ணிக்கையினர் நீலகிரிக்கு வந்தார்கள். அவர்களுக்காகவே தமிழக அரசு தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. பின்னால் ‘டான்டீ’ என்று அழைக்கப்பட்ட நிறுவனம் அதிலிருந்து வளர்ந்தது. கண்டியிலும் நுவரெலியாவிலும் லைன் அறையில் பிறந்தவர்கள், கடல் தாண்டி வந்து கூடலூரிலும் கோத்தகிரியிலும் மறுபடி லைன் அறைக்கே குடிபோனார்கள். முப்பது, நாற்பது ஆண்டு கொழுந்து பறித்து ஓய்வு பெறும் நாளில், குடியிருந்த வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்ற நிலைமை அவர்களுக்கும் வந்தது. ஓய்வுபெற்ற தொழிலாளிக்கு வெளியே வீடு வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ பறிப்புக் கூலியில் மிச்சம் பிடித்த பணம் எட்டாது.

சுதந்திரத்துக்குப் பின் உதகைக்கு ஒரு நல்ல காலம் வந்தது. அதை நீலகிரி வரலாற்றில் போதிய அளவு யாரும் கொண்டாடவில்லை. பங்களாக்கள் பள்ளிகளாகவும் அரசு அலுவலகங்களாகவும் மாறின. ஆரன்மோர் அரண்மனை ‘தமிழகம்’ என்ற அரசு விருந்தினர் மாளிகை ஆனது. 1960-ல் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவப்பட்டு, 1967-ல் உற்பத்தியைத் தொடங்கியது. தூசி குறைந்த குளிர்ந்த காற்று ஃபிலிம் செய்ய ஏற்றது என்பதால் இந்த மலை தேர்வானது. சீசனோடு சம்பந்தமில்லாத, மாதச் சம்பளம் தரும் ஆயிரக்கணக்கான வேலைகள் முதன்முறையாக உதகைக்குக் கிடைத்தன. இந்து நகரில் தொழிலாளர் குடியிருப்பு எழுந்தது. அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே குன்னூர்ப் பக்கத்துக்கு இத்தகைய வேலைகளைத் தந்துவந்தது. மாதச் சம்பளக்காரர் இருக்கும் ஊரில் மாத வாடகைக்கு விடுவதே வீட்டுக்காரருக்கு லாபம். 1949-லும் 1960-லும் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் நியாய வாடகை என்ற ஒன்றை நிர்ணயிக்கச் சொல்லி, குடியிருப்பவரை எளிதில் வெளியேற்ற முடியாதபடி செய்தன. அந்தச் சட்டங்களால் வீட்டுக்காரர்கள் பழுதுபார்ப்பதை விட்டுவிட்டார்கள் என்ற குறை உண்மைதான். ஆனாலும் ஊர்க்காரர் ஊரில் இருக்க முடிந்தது.

அந்தக் காலம் 1980-களிலிருந்து மெல்லக் கலையத் தொடங்கியது. திரைப்படங்கள் உதகையை நாடெங்கும் அறிமுகப்படுத்தியிருந்தன. சொந்தக் கார் பெருகியது. பெங்களூரிலிருந்தும் கோவையிலிருந்தும் வார இறுதிக்கு வந்துபோவது பழக்கமானது. லாட்ஜ்களும் காட்டேஜ்களும் எழுந்தன. அதற்குச் சற்று முன்பே மலை தன் எச்சரிக்கையையும் கொடுத்திருந்தது. 1978, 1979 ஆண்டுகளின் நிலச்சரிவுகள், எங்கே வேண்டுமானாலும் கட்டலாம் என்ற எண்ணத்தைத் தகர்த்தன. 1990-ல் மலைப்பகுதிக் கட்டுமானங்களைக் கண்காணிக்க அரசாணை பிறந்தது. 1993-ல் மலை நகரங்களுக்கென்று தனிக் கட்டட விதிகள் வந்தன. கட்டடத்தின் உயரம் 7 மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது அவற்றில் முக்கியமானது. செங்குத்துச் சரிவு, ஓடையோரம், காடு ஒட்டிய நிலம் ஆகியவற்றுக்குத் தடைகளும் தடையில்லாச் சான்றுகளும் வந்தன.

இந்த விதிகள் தேவையானவை. அவை இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும். ஆனால் வீட்டு விலையில் அவற்றின் பாரம் ஒரே பக்கமாகச் சாய்ந்தது. மாடி மேல் மாடி கட்ட முடியாது என்றால் இருக்கும் மனை அரிதாகும், அரிதான மனையின் விலை ஏறும். சிமெண்டும் கம்பியும் செங்கலும் மேட்டுப்பாளையத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் லாரி ஏறி வர வேண்டும். அதனால் கீழே ஆகும் செலவைவிட மலைமேல் எப்போதும் கூடுதல் செலவு. பல துறைகளின் சான்றுக்கு அலைய நேரமும் பணமும் உள்ளவரால் விதியைக் கடந்து போக முடிந்தது. இரண்டு சென்ட் இடத்தில் ஓர் அறை கூட்டிக் கட்ட நினைத்த கூலிக்காரரால் முடியவில்லை. குடியிருப்பு என்று அனுமதி வாங்கிக் கட்டி, நாள் வாடகைக் காட்டேஜாக நடத்தும் வழக்கமும் பரவியது. மாவட்ட நிர்வாகம் அவ்வப்போது அத்தகைய கட்டடங்களுக்குச் சீல் வைத்து வந்திருக்கிறது. ஊர்க்காரருக்குப் போயிருக்க வேண்டிய வீட்டு அனுமதி அப்படிப் பயணியின் அறையாக மாறியதைச் சீல் வைப்பதால் மட்டும் ஈடுகட்ட முடியவில்லை.

சீசன் கணக்கு எளிமையானது. ஏப்ரல், மே மாதங்களில் ஒரு சிறு வீட்டை நாள் வாடகைக்கு விட்டால், குடும்பம் ஒன்று மாதம் முழுவதும் இருந்து தரும் வாடகையைச் சில நாட்களிலேயே எடுத்துவிடலாம். செப்டம்பர், அக்டோபரில் இரண்டாம் சீசன். தீபாவளி, பொங்கல், நீண்ட விடுமுறைகள் தனி. மீதி நாளில் வீடு பூட்டிக் கிடந்தாலும் நட்டமில்லை. கைபேசியில் அறை பதியும் வசதி வந்தபின், லாட்ஜ் நடத்தும் அனுபவமோ பலகையோ இல்லாதவரும் இதைச் செய்ய முடிந்தது. இதில் வீட்டுக்காரரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. அவரும் பெரும்பாலும் ஊர்க்காரர்தான், பிள்ளையின் படிப்புக்கு அந்தப் பணம் தேவைப்படுபவர்தான். ஆனால் நாலு வீட்டுக்காரர் இப்படிச் செய்யும் தெருவில் ஐந்தாவது வீட்டின் மாத வாடகையும் அட்வான்ஸும் ஏறிவிடும். 2019-ல் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம் 1960-ன் சட்டத்தை நீக்கியது. நியாய வாடகை போய், இரு தரப்பும் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தத் தொகை வந்தது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாவிட்டால் காலி செய்ய வேண்டியதுதான். ஊரில் நிலவும் வாடகை எதுவோ அதுவே அளவுகோல் என்றாகும்போது, சீசன் ஊரில் அந்த அளவுகோலைத் தீர்மானிப்பவர் வந்துபோகும் பயணிதான்.

காட்டேஜ்கள் பெருகிய இதே ஆண்டுகளில் ஊர்க்காரரின் வருமானம் எதிர்த்திசையில் போனது. 1990-களின் கடைசியில் பச்சைத் தேயிலையின் விலை சரிந்தது. சோவியத் ஒன்றியம் கலைந்தபின் பழைய ஏற்றுமதிச் சந்தை தளர்ந்தது அதற்கு ஒரு காரணம். ஓரிரு ஏக்கரை நம்பியிருந்த சிறு விவசாயிகள், அதிலும் படகர் குடும்பங்கள், பலத்த அடி வாங்கினார்கள். இலை பறிக்கும் கூலிக்கே விலை கட்டாதபோது, தோட்டத்தை மனையாக்கி விற்பது பலருக்கு ஒரே வழியாகத் தெரிந்தது. டிஜிட்டல் கேமரா வந்தபின் ஃபிலிம் தொழிற்சாலை நலிந்து, கடைசியில் மூடப்பட்டது. 2001-ல் 7,62,141 ஆக இருந்த நீலகிரி மாவட்ட மக்கள்தொகை 2011-ல் 7,35,394 ஆகக் குறைந்தது. உதகை நகரின் எண்ணிக்கை 2011-ல் 88,430. அதுவும் முந்தைய கணக்கெடுப்பைவிடக் குறைவு. பிழைப்புத் தேடி மக்கள் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிப் போனதுதான் இதற்கு முதல் காரணம். வீட்டு வாடகை அவர்கள் திரும்பி வருவதைக் கடினமாக்கியது.

கூடலூர், பந்தலூர்ப் பக்கத்தில் இந்தப் பிரச்சினைக்கு வேறு முகம். நிலம்பூர் கோவிலகம் என்ற குடும்பம் பரம்பரையாக வைத்திருந்த ஜன்மி நில உரிமையை ஒழிக்க 1969-ல் சட்டம் வந்தது. 80,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் ஒரு பகுதியின் உரிமை, பிரிவு 17 நிலம் என்ற பெயரோடு நீதிமன்றங்களில் பல பத்தாண்டுகள் சிக்கிக் கிடந்தது. அங்கே வீடு கட்டி மூன்று தலைமுறையாக வாழும் குடும்பங்களுக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாவிட்டால் வங்கிக் கடன் இல்லை, மின் இணைப்புக்கே போராட வேண்டும்.

கட்டுப்படியாகும் வீடு இல்லாதவர் கட்டக்கூடாத இடத்தில் கட்டுகிறார். நீலகிரியின் மேல்மண் பல இடங்களில் ஆழமான, மக்கிய செம்மண். அதைச் செங்குத்தாக வெட்டி, தாங்கு சுவர் இல்லாமல், சரிவின் மடியில் வீட்டை ஒட்டவைத்தால், மழைநீர் உள்ளே இறங்கி மண் கனத்து, மேலிருந்த மொத்த மேடும் ஒரே இரவில் வழுக்கி வரும். 2009 நவம்பர் 10 அன்று கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பதிவானது. அந்த மழையில் மாவட்டம் முழுக்க நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து, 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சரிவோரச் சிறு வீடுகளில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் மண்ணுக்குள் போனார்கள்.

2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம், உதகைக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம் என்று உத்தரவிட்டது. சீசனில் நீலகிரிக்கு நாளொன்றுக்கு 20,000 வாகனங்கள் வருகின்றன என்ற கணக்கு நீதிமன்றத்தின் முன் வந்திருந்தது. மறு ஆண்டு சீசனுக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 என்று வரம்பு வைக்கப்பட்டது. மலை எவ்வளவு தாங்கும் என்று ஆராயும் பொறுப்பு சென்னை ஐ.ஐ.டி.யிடமும் பெங்களூரு ஐ.ஐ.எம்.மிடமும் ஒப்படைக்கப்பட்டது. 2024 ஜூலையில், சீசன் குதிரைப் பந்தயத்துக்கென்று பல தலைமுறைகளாகக் குத்தகையில் இருந்த, ஊரின் நடுவே சுமார் 52 ஏக்கர் தாழ்நிலத்தை அரசு மீட்டது. ஒரு காலத்தில் சதுப்பாக இருந்து மழைநீரைத் தாங்கிய அந்த நிலம் பசுமையாகவே இருப்பது நல்லது. அதில் யாரும் கட்டடம் கேட்கக்கூடாது.

ஆனால் மலை தாங்கும் அளவைக் கணக்கிடும்போது வாகனத்தையும் அறையையும் தண்ணீரையும் மட்டும் எண்ணினால் போதாது. அந்த அறைகளைப் பெருக்கித் துடைப்பவரும், அந்த வாகனங்களை ஓட்டுபவரும், பயணியின் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஊசி போடும் செவிலியரும் ஆண்டு முழுவதும் குடியிருக்க எத்தனை வீடுகள் வேண்டும் என்பதும் அந்தக் கணக்கில் ஏற வேண்டும். குடியிருப்பு அனுமதியில் கட்டிய வீடு குடியிருப்பாகவே இருக்க வேண்டும். ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளியின் வீடு அவர் பெயருக்கு வர வேண்டும். பட்டா இல்லாத குடும்பத்துக்குப் பட்டாவோ, பாதுகாப்பான மாற்று இடமோ கிடைக்க வேண்டும். உதகையை ஆளும் எந்தத் திட்டமும் இனி இங்கிருந்து தொடங்கட்டும்.